மருந்து டம்ளர்

தேயிலைத் தோட்டத்தில் வரிசையாக ஒட்டிக் கட்டிய எங்கள் லயத்து வீடுகளில், ஒரு காம்பராவுக்கும் அடுத்த காம்பராவுக்கும் நடுவில் இருக்கும் சுவர் கூரையைத் தொடாது. தகரத்துக்கும் சுவருக்கும் இடையில் ஒரு சாண் இடைவெளி இருக்கும். அந்த வழியாக ஒரு வீட்டுப் புகை மற்ற வீட்டுக்குப் போகும். யார் வீட்டில் கருவாடு பொரிக்கிறார்கள் என்று யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. சண்டையும் சாமிப் பாட்டும் பிள்ளைகள் பாடம் சொல்வதும் அந்த வழியாகத்தான் வரும். இந்திரகுமாரின் இருமலும் அந்த வழியாகத்தான் எங்கள் வீட்டுக்குள் வந்தது.

அவர் பக்கத்துக் காம்பரா மல்லிகா அத்தையின் மகன். கொழும்பில் ஒரு ஹாட்வெயார் கடையில் வேலை. தீபாவளிக்கும் கோயில் திருவிழாவுக்கும் வருவார், வந்த வேகத்தில் போய்விடுவார். இந்த முறை வந்தது எந்தத் திருநாளுக்கும் இல்லை. மழை விடாமல் பெய்துகொண்டிருந்த வைகாசியில், ஜாக்கெட்டைத் தலைக்கு மேல் இழுத்துப் போட்டுக்கொண்டு த்ரீவீலில் வந்து இறங்கினார். நல்ல காய்ச்சல். பெரிய ஆஸ்பத்திரியில் நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்து, சளி நெஞ்சில் இறங்கிவிட்டது என்று வார்டில் வைத்திருந்து மருந்து கொடுத்து அனுப்பினார்கள். காய்ச்சல் போனது. இருமல் மட்டும் போகவில்லை.

மல்லிகா அத்தை அடுப்படியில் இருந்தபடியே சுவரைப் பார்த்துப் பேசுவாள். அம்மாவும் இந்தப் பக்கம் சுவரைப் பார்த்துப் பேசுவாள். எங்கள் லயத்தில் பேச்சு என்றால் அப்படித்தான்.

“மதினி, இவன் மொதலாளி போன் மேல போன் போடுறான். இருமலோட வராதன்னும் சொல்றான், சீக்கிரம் வான்னும் சொல்றான்.”

“அது என்னா கதை மதினி, ரெண்டும் ஒண்ணாவா?”

“கொரோனாவுக்குப் பெறகு கடையில ஒருத்தன் இருமுனா, சாமான் வாங்க வந்தவன் ஓடிப் போயிருறானாம். இருமல் நின்ன அன்னைக்கே பஸ் ஏறணுமாம். இல்லாட்டி வேற ஆளப் போட்டுருவேங்கிறான்.”

“நான் கசாயம் போட்டுத் தாறேன். கவலைப்படாதீங்க” என்றாள் அம்மா.

அம்மா ‘நான்’ என்று சொன்னால், செய்வது நான்தான். அப்பா போன பிறகு, ஓ.எல். பரீட்சை எழுதுவதற்கு முன்பே நான் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றேன். அம்மா விடியும்போதே கொழுந்து கூடையோடு மலைக்குப் போய்விடுவாள். சமையலும் தண்ணீரும் விறகும் என் வேலை. கசாயமும் அப்படியே என் கைக்கு வந்தது.

ஆனால் அம்மா கதவை ஒருக்களித்துவிட்டு, சுவரைத் தாண்டாத குரலில் ஒன்று சொன்னாள். “யாரு கேட்டாலும் நான் போட்டதாவே இருக்கட்டும். வயசுப் புள்ள வயசுப் பையனுக்கு மருந்து காய்ச்சுறான்னு ஒரு வாயி சொன்னாப் போதும், கடைசியில இருக்குற தொங்கக் காம்பரா வரைக்கும் போயிரும்.”

நான் தலையாட்டினேன். அப்போதே எனக்குள் ஒரு ஆசை முளைத்துவிட்டது. அது பெரிய ஆசை இல்லை. அவர் திரும்பக் கொழும்புக்குப் போவதற்கு முன்னால், அந்தக் கசாயம் நான் போட்டது என்று அவருக்குத் தெரிய வேண்டும். அவ்வளவுதான். யாரும் சொல்லாமல் அது எப்படித் தெரியும் என்று மட்டும் நான் யோசிக்கவில்லை.

ஓப்பநாயக்க டவுனில் ஜாபிர் நானாவின் கடையில்தான் எல்லோரும் நாட்டு மருந்துச் சாமான் வாங்குவார்கள். ஐந்து சாமானும் சேர்த்துக் கட்டிய பஸ்பங்குவ பொட்டலம் எல்லாக் கடையிலும் இருக்கிறது. ஆனால் ஜாபிர் நானா ஆளைக் கேட்டு, நோயைக் கேட்டு, பொட்டலத்தைப் பிரித்து இன்னும் ஏதாவது சேர்த்துக் கொடுப்பார்.

“ஆருக்கு மகள் இருமல்? வூட்டுலயா?”

“பக்கத்து வீட்டுல.”

“சின்னாளா, பெரியாளா?”

“பெரிய ஆளு.”

“ஆம்புளையா, பொம்புளையா?”

நான் கண்ணாடி அலுமாரியில் அடுக்கியிருந்த சவர்க்காரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“வெளங்குது, வெளங்குது” என்று சிரித்தார். “ஆம்புளையன்டா கசப்பு குடிக்க மாட்டானுவள். அதுக்குத்தான் கேட்டேன். நீங்க ஏன் மொகத்த அங்கிட்டுத் திருப்புறீங்க?”

எனக்குப் பின்னால் நின்ற சிங்கள அக்கா, “கெஸ்ஸட்டத, ஹிதட்டத?” என்று கேட்டாள். இருமலுக்கா, மனசுக்கா என்று. கடையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது.

ஜாபிர் நானா அதிமதுரத்தில் இரண்டு துண்டு சேர்த்துக் கட்டினார். கட்டிக்கொண்டே சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார். “ஒன்டு கேட்டுக்கங்க மகள். மூச்சு இழுத்துச்சுன்டா, நெஞ்சு குத்துச்சுன்டா, திரும்பக் காச்சல் வந்துச்சுன்டா, இதை நம்பிட்டு இரிக்க வாணாம். நேரா ஆஸ்பத்திரி. இது மிச்ச இருமலுக்குத்தான்.”

வரும் வழியில் தோட்டத்து எல்லை வேலியில் ஆடாதோடை இலை பறித்தேன். எங்கள் வாசலில் பெயின்ட் டின்னில் கற்பூரவள்ளி நிற்கிறது. இஞ்சி வீட்டிலேயே இருந்தது.

எட்டு டம்ளர் தண்ணீர் ஒரு டம்ளராக வற்ற வேண்டும். அதைக் கண்ணால் அளக்க முடியாது. முதலில் ஒரு டம்ளர் தண்ணீரைச் சட்டியில் ஊற்றி, ஒரு ஈர்க்கைச் செங்குத்தாக வைத்து, தண்ணீர் நிற்கும் இடத்தில் நகத்தால் ஒரு கீறல் போட வேண்டும். பிறகு மீதித் தண்ணீரை ஊற்றி, இடித்த சாமானைப் போட்டு, சின்னத் தீயில் வைக்க வேண்டும். அவ்வப்போது ஈர்க்கை விட்டுப் பார்க்க வேண்டும். தீயைக் கூட்டினால் சீக்கிரம் வற்றும், ஆனால் சாரம் இறங்காது. றப்பர் விறகு சடசடவென்று எரிந்துவிடும். அதனால் ஒவ்வொரு குச்சியாக வெளியே இழுத்து இழுத்துத் தீயை அடக்கிக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டும். காலையில் வைத்தால் அம்மா பகல் சாப்பாட்டுக்கு வரும்போது பதமாக இருக்கும். அம்மா அதை வடிகட்டி, ஒரு துண்டுக் கித்துள் கருப்பட்டியோடு அந்தப் பக்கம் கொண்டுபோய்க் கொடுப்பாள்.

அந்தக் காலை நேரம் முழுக்க அந்தப் பக்கம் அவர் மட்டும், இந்தப் பக்கம் நான் மட்டும். அம்மாவும் அத்தையும் மலையில். நடுவில் அந்தச் சுவர்.

அவர் கட்டிலில் புரண்டால் பலகை முனகுவது கேட்கும். அவர் போனில் மெதுவாகப் பாட்டு ஓடும். அவர் இருமினால் நான் ஊதுகுழலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, இருமல் முடியும் வரை அசையாமல் இருப்பேன். முதலில் அது காய்ந்த இருமலாக இருந்தது, வெறும் தகரத்தைத் தட்டுவது போல. பிறகு கொஞ்சம் இளகியது. சளி வெளியே வரத் தொடங்கியதும் இருமி முடித்துவிட்டு ஒரு பெருமூச்சு விடுவார். அந்தப் பெருமூச்சுக்காக நான் காத்திருப்பேன்.

நான் உரலில் இஞ்சியையும் கொத்தமல்லியையும் இடிக்கத் தொடங்கினால் மட்டும் அவருடைய பாட்டு நின்றுவிடும். என் சத்தம் தொந்தரவாக இருக்கிறது போல என்று நினைத்து, உரலுக்கு அடியில் பழைய சாக்கைப் போட்டு மெல்ல இடித்தேன். அப்போதும் பாட்டு நின்றது.

நாங்கள் ஒருநாளும் பேசிக்கொண்டது கிடையாது. பேசாமல் நடந்தது ஒன்று உண்டு. நான் ஏழாம் வகுப்பில் படித்தபோது ஒரு மழை நாளில் ஓடை பெருகி, பள்ளிக்கூடத்திலிருந்து வந்த நாங்கள் எல்லோரும் இந்தக் கரையில் நின்றுவிட்டோம். பெரிய பையன்கள் கல் மேல் நின்று ஒவ்வொருவராகக் கைபிடித்துக் கடத்தினார்கள். என் முறை வந்தபோது நான் கையை நீட்டவில்லை. எல்லோரும் கத்தினார்கள். கல் மேல் நின்றது இந்திரகுமார். தன் குடையை மடக்கி, அதன் வளைந்த பிடியை என் பக்கம் நீட்டினார். நான் அதைப் பிடித்துக்கொண்டு கடந்தேன். அந்த மரப்பிடி எவ்வளவு வழுவழுப்பாக இருந்தது என்பது இன்னும் என் உள்ளங்கையில் இருக்கிறது.

எங்கள் லயத்தில் பாத்திரம் கொடுத்து வாங்குவதில் ஒரு முறை இருக்கிறது. பக்கத்து வீட்டுப் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது. கறி வாங்கிய கிண்ணத்தில் ஒரு தேசிக்காயாவது, ஒரு கொத்துக் கறிவேப்பிலையாவது, ஒன்றுமே இல்லாவிட்டால் ஒரு பிடி சீனியாவது போட்டுத்தான் கொடுப்பார்கள். மருந்துப் பாத்திரம் மட்டும் அப்படி இல்லை. அதைச் சாம்பல் போட்டுத் தேய்த்து, கவிழ்த்து, வெறுமையாகத்தான் கொடுக்க வேண்டும். மருந்துப் பாத்திரத்தில் ஏதாவது போட்டுக் கொடுத்தால், அந்த நோய் மருந்து கொடுத்த வீட்டுக்கும் குடித்த ஆளுக்கும் இடையில் போய்வந்துகொண்டே இருக்குமாம். மல்லிகா அத்தை சாயந்தரம் டம்ளரைக் கவிழ்த்தபடியே கொண்டுவந்து எங்கள் வாசல் இஸ்தோப்பின் திண்ணைக் கட்டு மேல் வைப்பாள். எடுத்துக்கொள்ளுங்கள் என்றுகூடச் சொல்ல மாட்டாள். அதுவும் முறை.

“மதினி, ஒங்க கைக் கசாயம் நல்லாக் கேக்குது” என்று சுவரின் அந்தப் பக்கமிருந்து சொன்னாள் ஒரு நாள். “இன்னைக்கு காலையில ஒரே ஒருக்காத்தான் இருமுனானாம்.”

“கேக்காம என்னா. பாத்துப் பாத்துல்ல காய்ச்சுறது” என்றாள் அம்மா, என் முகத்தைப் பார்க்காமல்.

மறுநாள் சட்டி முன்னால் உட்கார்ந்தபோதுதான் நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்பது எனக்குப் புரிந்தது. இருமல் நின்ற அன்றைக்கே அவர் பஸ் ஏறுவார். நான் காய்ச்சுவது அவரை அனுப்பி வைக்கிற மருந்து. ஈர்க்கை விட்டுப் பார்த்தேன். தண்ணீர் இன்னும் கீறலுக்கு மேலேயே நின்றது. இப்போது இறக்கினால் பாதிச் சாரம்தான் இறங்கியிருக்கும். நிறம் அப்படியேதான் இருக்கும், கசப்பும் கொஞ்சம் இருக்கும். அம்மாவுக்கும் தெரியாது. துணியால் சட்டியைப் பிடித்தும்விட்டேன்.

அப்போது அவர் இருமினார். ஒருமுறைதான். ஆனால் அதற்குப் பிறகு அந்தப் பெருமூச்சு வரவில்லை. ஏதோ உள்ளே சிக்கிக்கொண்டது போல இருந்தது. நான் காத்திருந்தேன். என் மூச்சும் நின்றது. கடைசியில் அது வந்தது.

துணியைக் கீழே போட்டேன். ஒரு குச்சியை உள்ளே தள்ளினேன். தண்ணீர் கீறலுக்கு வரும் வரை உட்கார்ந்திருந்தேன்.

அதற்குப் பிறகு அதிக நாள் ஆகவில்லை. ஒரு காலை முழுக்க அந்தப் பக்கம் இருமலே கேட்கவில்லை. பாட்டு மட்டும் ஓடியது. அடுத்த நாளும் அப்படியே. சாயந்தரம் அத்தை யாருக்கோ போனில் சந்தோஷமாகச் சொன்னாள், “காலையில பத்து மணி பஸ்ஸுல ஏறுறான்.”

அன்று நான் ஒரே ஒரு வசனத்தைச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கசாயம் நான்தான் போட்டேன். தண்ணீர் எடுக்கப் போகும்போதும் சொன்னேன், அரிசி களையும்போதும் சொன்னேன். சொல்லச் சொல்ல அது வேறு யாரோ பேசுகிற வசனம் மாதிரி ஆனது.

காலையில் அத்தை மகனுக்குத் திருநீறு பூசிவிட்டு, அழுதுகொண்டே அம்மாவோடு மலைக்குப் போனாள். நான் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தேன். அவர் பையை இழுத்துக் கட்டுவது கேட்டது. கதவுக்குப் பூட்டுப் போடுவது கேட்டது. பிறகு செருப்புச் சத்தம் எங்கள் இஸ்தோப்பில் வந்து நின்றது.

“அத்தை மலைக்குப் போயிட்டாங்களா?” என்று அம்மாவைக் கேட்டார்.

“ம்.”

“டம்ளர் ஒண்ணு இருந்துச்சு. குடுக்கணும்.”

நான் சொல்லலாம். கதவுக்குப் பின்னால் இருந்தே சொல்லலாம். முகத்தைக்கூடக் காட்ட வேண்டியதில்லை.

“வச்சிட்டுப் போங்க” என்றேன்.

அத்தனை நாளும் சேர்த்து வைத்த பேச்சில் அதுதான் வெளியே வந்தது. கடன்காரனிடம் சொல்வது போல வந்தது.

டம்ளரைத் திண்ணைக் கட்டு மேல் வைக்கும் சத்தம் கேட்டது. “சரி, போயிட்டு வாறேன்” என்றார். செருப்புச் சத்தம் படிக்கட்டில் இறங்கியது. மழைத் தூறலில் குடை விரியும் சத்தம் கேட்டது. அதே குடையா என்று தெரியவில்லை. அந்தக் குடை இத்தனை வருஷம் இருக்காது.

பஸ் சத்தம் வளைவில் தேயும் வரை பொறுத்துத்தான் கதவைத் திறந்தேன். டம்ளர் கவிழ்ந்திருக்கவில்லை. நிமிர்ந்து இருந்தது, வாயில் ஒரு பத்திரிகைத் துண்டு மூடியிருந்தது. எடுத்தேன். உள்ளே பாதி வரை சீனி.

முதலில் பயந்தேன். பிறகு சிரிப்பு வந்தது. கொழும்பில் இருந்து இருந்து முறையில் ஒரு பாதி மறந்துவிட்டது போல. வெறும் பாத்திரம் கொடுக்கக் கூடாது என்பது மட்டும் நினைவு இருக்கிறது, மருந்துப் பாத்திரம் வேறு என்பது நினைவில்லை. அம்மா இருந்தால் அப்படியே கொண்டுபோய் வேலிக்கு அப்பால் கொட்டியிருப்பாள். நான் விரலைத் தொட்டு ஒருமுறை நாக்கில் வைத்தேன். பிறகு ஒரு கரண்டி. மீதியைச் சாமான் பெட்டிக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன்.

எறும்புகள் என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டன. அவை வரிசையாகப் பெட்டிக்குப் பின்னால் போவதைப் பார்த்து அம்மா டம்ளரை வெளியே இழுத்தாள்.

“இது என்னாடி?”

“அவங்க வச்சிட்டுப் போனாங்க.”

“மருந்து டம்ளர்லயா? ஆத்தி! நீ திங்கலையே?”

“இல்ல.”

அம்மா சுவரைப் பார்த்துத் திரும்பினாள். “மதினி, ஒங்க மவன் செஞ்ச வேலையக் கேட்டீங்களா? மருந்து டம்ளர்ல சீனி போட்டுக் குடுத்துட்டுப் போயிருக்கான்!”

“அய்யோ, கிறுக்கன்” என்றது சுவர். “இருங்க, போன் எடுக்கட்டும், கேக்குறேன் கேள்வி.”

சில நாளில் எனக்கு இருமல் வந்தது. மழையில் விறகு பொறுக்கப் போனதால் வந்தது என்று அம்மாவிடம் சொன்னேன். காய்ச்சல் இல்லை, தொண்டையில் ஒரு கரகரப்பு, பிறகு காய்ந்த இருமல். இருமி முடித்ததும் நெஞ்சில் ஒரு வலி. இந்த வலியோடுதான் அவர் சுவருக்கு அந்தப் பக்கம் படுத்திருந்தார் என்று நினைத்துக்கொண்டேன். அந்தப் பக்கம் இப்போது பலகை முனகுவதில்லை. பாட்டு இல்லை. நான் இடித்தால் நிற்பதற்கு ஒன்றும் இல்லை. அம்மா தினமும் கசாயம் போட்டுக் குடி என்றாள். நாளைக்குப் போடுகிறேன் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். அவரிடமிருந்து எனக்கு வந்தது அந்த இருமல் ஒன்றுதான்.

எங்கள் லயத்தில் போனுக்குச் சிக்னல் கிடைப்பது அந்தச் சுவரின் தலையில் மட்டும்தான். அத்தை ஸ்டூலில் ஏறிப் போனைச் சுவர் மேல் வைத்து, ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு, கீழே நின்று கத்திப் பேசுவாள். ஞாயிற்றுக்கிழமை சாயந்தரம் அவர் எடுத்தார். அவர் குரல் எங்கள் வீட்டுக்குள் விழுந்தது. அம்மா அடுப்பில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். சாப்பிட்டாயா, மழையா, வேலை எப்படி என்று எல்லாம் முடிந்தது. எனக்கு இருமல் வந்தது. முந்தானையை வாயில் அடைத்தும் நிற்கவில்லை.

“யாரும்மா இருமுறது?” என்றார் அவர்.

“பக்கத்து வீட்டுத் துஷ்யந்தி. எல்லாம் நீ செஞ்ச வெனை. ஏண்டா, மருந்து டம்ளர்ல சீனி போடக் கூடாதுன்னு தெரியாது? கொழும்புக்குப் போனா எல்லாம் மறந்துருமா?”

“மறக்கலம்மா.”

“மறக்காமயா போட்ட?”

போனில் கொழும்பு வாகனச் சத்தம் மட்டும் கேட்டது. என் கையில் தேங்காய் மூடி அப்படியே நின்றது.

“கசாயம் போட்டுக் குடிக்கச் சொல்லுங்கம்மா” என்றார் பிறகு. “அவங்க போடுறது நல்லாக் கேக்கும்.”

“யாரு, புஷ்பம் மதினியா? அவங்கதான் போட்டுக் குடுக்கணும். இந்தப் புள்ளைக்கு என்னா தெரியும்.”

“புஷ்பம் அத்தை மலைக்குப் போன பெறகுதானம்மா ஒரல் சத்தம் கேக்கும்.”

அம்மா ரொட்டியைத் திருப்ப மறந்தாள். கருகிய வாசம் எழுந்து சுவரைத் தாண்டிப் போனது. நான் அவரைக் கேட்டுக்கொண்டிருந்த அத்தனை காலையிலும் அவர் என்னைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். பாட்டை நிறுத்தியது அதற்குத்தான். நான் உரலுக்கு அடியில் சாக்கைப் போட்டு அதையும் குறைத்திருக்கிறேன்.

“துஷ்யந்தி” என்று அத்தை மெல்லக் கூப்பிட்டாள். “கேட்டுச்சா புள்ள?”

கேட்டது என்று சொல்ல வாயைத் திறந்தேன். வந்தது இருமல்தான். இந்த முறை நான் முந்தானையைத் தேடவில்லை. இருமி முடித்து, மூச்சை விட்டேன்.

சுவர் மேலிருந்து ஒரு சின்னச் சிரிப்பு வந்தது. உடனே சிக்னல் போய்விட்டது.

அம்மா கருகிய ரொட்டியை எடுத்துப் பக்கத்தில் போட்டாள். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு எழுந்து போய், துணிப்பையில் மீந்திருந்த பஸ்பங்குவ பொட்டலத்தையும் உரலையும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

“இடி” என்றாள். “சாக்கு வேணாம்.”